பலவகைச் சரக்கைக் கப்பலில் அனுப்பும் முன்

எவர்சில்வர் பாத்திரம், ஊதுபத்தி, சேலை, மசாலாப் பொடி என்று பலவற்றையும் சேர்த்து வெளிநாட்டுக்குக் கப்பலில் அனுப்புகிறீர்களா? பேக்கிங் லிஸ்டில் "வீட்டு உபயோகப் பொருட்கள்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். ஒரு பொருளில் சந்தேகம் வந்தாலும் மொத்தச் சரக்கும் சுங்கத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, "பெட்டி 7: எவர்சில்வர் டம்ளர், 48" என்று எடையோடு எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். குறியீடு, அதாவது சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண், வேண்டும். அதன் முதல் 6 இலக்கங்கள்தாம் உலகெங்கும் பொது. மிச்சத்தை இறக்குமதி செய்பவரின் சுங்க முகவரிடம் கேட்பதே நல்லது.

முழு கன்டெய்னர் நிறையாத சரக்குக்குப் பொதுவாக ஒரு கன மீட்டரை 1,000 கிலோவுக்குச் சமமாக வைத்து, கன அளவு, எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 60×40×40 செ.மீ. அட்டைப்பெட்டி 0.096 கன மீட்டர். பத்துப் பெட்டி அடுக்கினால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். பாத்திரத்துக்குள் பாத்திரமாக அடுக்கினால் காசு மிச்சம்.

சரக்கை அடுக்கும் அடித்தட்டு மரப் பேலட் என்றால், மரத்தில் பூச்சி பரவாதபடி பதப்படுத்தியதைக் காட்டும், கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு கூடிய ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பல நாடுகளில் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஊதுபத்தியைச் சேலையோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது; வாரக்கணக்கில் மூடிக் கிடந்தால் அந்த வாசனை எளிதில் போகாது. சென்ட், பவர் பேங்க் போன்றவை அபாயச் சரக்கு விதிகளுக்குள் வரும். கப்பலில் இடம் பதிவு செய்யும்போதே அவற்றைச் சொல்லிவிடுங்கள்.