நம் கை ஓங்கிய இடத்தில் கோபத்தைப் பழக்குவது எப்படி

"கோபம் என் பிறவிக் குணம், மாத்த முடியாது" என்பவரைக் கொஞ்சம் கவனியுங்கள். சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையில் கடைப்பையனிடம் கத்துபவர், வாடகை வாங்க வரும் கட்டட ஓனரிடம் கத்துவதில்லை. அதே ஆள், அதே சாயங்காலம், அதே களைப்பு. அடக்கும் திறமை அவரிடம் இருக்கிறது. எளியவரிடம் அதைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். வெகுளாமை அதிகாரத்தை வள்ளுவர் இங்கிருந்துதான் தொடங்குகிறார். கோபம் பலிக்கும் இடத்தில் காப்பவனே காப்பவன், பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, விட்டால் என்ன என்கிறது 301-வது குறள். அதனால் திருத்தும் வேலையையும் மனைவி, பிள்ளை, கடைப்பையன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா என்று நம் பேச்சு செல்லும் இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

முதலில் குறையை ஒரு செயலாக எழுதுங்கள். "நான் முன்கோபி" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "கஸ்டமர் முன்னால் பையனைத் திட்டுகிறேன்" என்று எழுதினால் நாளைக்கே எண்ணத் தொடங்கலாம். ஒரு செயல் போதும். பொய், பொறாமை, புறம் பேசுவது எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தப் புகுந்தவர்கள் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த 14 நாள் குறிப்பு மட்டும் எடுங்கள். சட்டைப்பையில் அடங்கும் நோட்டில் நாலு பத்தி போதும்: நேரம், இடம், யாரிடம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது. அன்றிரவே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் நடந்ததை நமக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவோம்.

நோட்டின் கடைசிப் பத்திதான் அதிகம் பேசும். மதியம் சாப்பிடாமல் டீயிலேயே ஓட்டியது, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டியது, சீட்டுப் பணம் கட்ட வேண்டிய தேதி, காசிமேட்டு ஏலத்துக்காக விடியுமுன் எழுந்ததால் கெட்ட தூக்கம். திட்டு வாங்கியவருக்கு இவை எதிலும் பங்கில்லை என்பது அங்கே பச்சையாகத் தெரியும். பசிதான் காரணம் என்று தெரிந்தால் நேரத்துக்குச் சாப்பிடுவதே முதல் திருத்தம். இதை அற்பமாக நினைக்காதீர்கள்.

பிறகு ஒரு மாற்றுச் செயலை முடிவு செய்யுங்கள். "பொறுமையாக இருப்பேன்" என்பது செயல் அல்ல. "பையன் தப்பான சைஸ் எடுத்தால், சரியான சைஸை நானே எடுத்துக் கொடுப்பேன், அதைப் பற்றிய பேச்சு ஷட்டர் இறக்கிய பிறகு" என்பது செயல். இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என முன்கூட்டியே முடிவு செய்வது வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்யும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் விரிவாக எழுதினார். குரல் உயர்ந்த பிறகு யோசித்துப் பயனில்லை. தாடை இறுகுவது, காது சூடாவது, மூச்சு வேகமாவது ஆகியவை தெரிந்ததுமே மாற்றுச் செயலைத் தொடங்க வேண்டும். வடசென்னையில் பாக்சிங் பழகியவர்களுக்கு இது புரியும். குத்து விட்ட கை முகவாய்க்குத் திரும்புவது யோசித்து நடப்பதல்ல, ஓயாமல் பழகி நடப்பது.

எத்தனை நாள் ஆகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 84 நாள் கவனித்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்க நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது (84 நாளைத் தாண்டியவை கணக்கிட்டுச் சொன்ன கணிப்பு). அவை சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி பற்றிய எளிய பழக்கங்கள். கோபத்துக்கு இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. அதனால் ஒரு நாள் கத்திவிட்டால் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

தவறிய நாளில் மன்னிப்பு கேட்பதற்கும் முறை உண்டு. திட்டியது நாலு பேர் முன்னால் என்றால் கேட்பதும் அந்த நாலு பேர் முன்னால், முடிந்தால் அன்றே. "தம்பி, காலைல எல்லார் முன்னாடியும் உன்னைத் திட்டினது தப்பு. சைஸ் மாறினதுக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது." இதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்..." என்று இழுத்தால் அது இரண்டாவது திட்டு. பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பது மன்னிப்பு ஆகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. வேண்டாத இடத்தில் கோபப்படுவதைப் போலவே, வேண்டிய இடத்தில் கோபப்படாததும் குறைதான் என்றார் அரிஸ்டாட்டில். நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்கு எதிர்ப் பக்கம் இழுக்கச் சொன்னார். கத்திப் பழகியவர் சில மாதம் தேவைக்கு மேல் தணிந்து பேசினாலும் நஷ்டமில்லை. ஆனால் எல்லாவற்றையும் விழுங்கிப் பழகியவருக்கு இந்தக் குறிப்புகள் தலைகீழ். கடையில் எடை குறைத்துப் போட்டால் "திரும்பப் போடுங்கண்ணா" என்று கேட்பதுதான் அவருக்கான பயிற்சி.

குடித்தால் மட்டும் வரும் கோபமும், கை நீளும் கோபமும் நோட்டுக்கு அடங்காது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-ல் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். அடி வாங்குபவர், அடிப்பவர் திருந்தட்டும் என்று காத்திருக்கவே கூடாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இன்றே அழையுங்கள்.