தடா பக்கம் வேலை தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். வேலை கேட்டு வரும் டிப்ளமோ, பி.இ. எலெக்ட்ரிக்கல் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, மோட்டாரை நேரடியாக ஓடவிடும் சுவிட்ச் பெட்டியான டிஓஎல் ஸ்டார்ட்டரைப் பற்றித்தான்: "டிஓஎல் ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டனை அழுத்தினா மோட்டார் ஓடுது, கையை எடுத்தா நின்னுடுது. எங்கே பார்ப்பே?" உள்ளே இருக்கும் காந்த சுவிட்சான காண்டாக்டரில், கையை எடுத்த பிறகும் அதை ஆனிலேயே வைத்திருக்கும் ஹோல்டிங் காண்டாக்டையும் அதற்குப் போகும் வயரையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். போன மாதம் வந்த தம்பியின் ஃபைலில் பதினொரு சான்றிதழ்கள். பைதான்கூட இருந்தது. இதற்கு மட்டும் பதில் வரவில்லை.

பாடத்தில் இல்லாத விஷயம் அல்ல இது. லேபில் ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி நின்றபோது வயரை மாட்டியது வேறு யாரோ. ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்ததோடு முடித்துக்கொள்வதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். லேப் உதவியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சப்ளையை அணைத்துவிட்டு, நண்பனை ஒரு வயரைக் கழற்றச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள். மூன்று முறை செய்தால் போதும், கை மறக்காது.

அப்புறம், 'டிரெய்னி' என்றாலே அப்ரண்டிஸ் என்று நம்பிச் சேர்வது. இரண்டும் ஒன்றல்ல. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி என்றால் பதிவான ஒப்பந்தம் இருக்கும். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸ் (NATS) போர்ட்டலில் ஓராண்டுப் பயிற்சி உண்டு. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது, முடிவில் அரசுச் சான்றிதழும் கிடைக்கிறது. இந்தப் பயிற்சிக்கான தென்மண்டல அலுவலகம் நம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்து ஒரு வருடம் பெட்டி அடுக்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சேரும் அன்றே ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

ஆபரேட்டர் வேலைக்காக பி.இ.யை மறைத்து பிளஸ் டூ என்று எழுதுகிறவர்களும் உண்டு. வீட்டுக் கஷ்டம் புரிகிறது. ஆனால் அனுபவச் சான்றிதழிலும் பிளஸ் டூதானே வரும்?

ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திராவின் தடா, அதையொட்டி 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில்நகரம். டைகின், இசுசு ஆலைகள் அங்கே இருக்கின்றன. நம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் ஏராளம், பயோடேட்டாவிலோ தமிழும் ஆங்கிலமும் மட்டும். ஷிஃப்ட் மாறும்போது மிஷினின் கோளாறைத் தெலுங்கில் விளக்கத் தெரிந்தவன் அங்கே எவ்வளவு உதவி! அவசியம் எழுதுங்கள்.

கல்லூரிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூ நடத்த எச்.ஆரைத் தேடுகிறீர்கள், சரி. புதுப் பயிற்சி வகுப்பை முடிவு செய்யும் முன் ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசரையும் ஒருமுறை கேளுங்கள். பழுதான ஸ்டார்ட்டர்கள் எங்கள் ஸ்டோரில் மூட்டையாகக் கிடக்கின்றன. லேபுக்கு வேண்டும் என்று இதுவரை எந்தக் கல்லூரியும் கேட்டு வரவில்லை.