ஓய்வுநாளைப் போதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்துச் சபைகளில் புதிதாக வேதபாடம் நடத்த வரும் வாலிபர்களுக்கு ஒத்தாசையாக நான் உட்காருவது வழக்கம். வாரத்தில் ஒரு நாள் வேலையை விட்டு ஓய்ந்திருக்கச் சொல்கிற ஓய்வுநாள் கட்டளையின் பாடம் வந்ததும், அந்த வயதில் நாங்கள் என்ன பேசினோமோ அதையே, அதே வேகத்தில் இவர்களும் பேசுகிறார்கள். அதிகாரத்தை மாற்றிச் சொல்வது, வசனத்தைப் பாதியில் விடுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். ஆட்களைச் சபையை விட்டே விரட்டுகிற தவறுகள் அப்படிச் சரியாவதில்லை. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கான்ஸ்டன்டைன்தான் நாளை மாற்றினார் என்பது

சனியாக இருந்த ஓய்வுநாளை ஞாயிறாக மாற்றியவர் ரோம மன்னன் கான்ஸ்டன்டைன் என்று, வாட்ஸப்பில் வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து பேசுவார்கள். கான்ஸ்டன்டைன் மன்னன் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக அறிவித்தது கி.பி. 321இல். நகரத்து மக்களும் நீதிபதிகளும் வேலையை நிறுத்த வேண்டும், உழவர்கள் மட்டும் வயல் வேலையைச் செய்யலாம் என்பது அந்த ஆணை. ஆனால், அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே, சுமார் 150இல், ஆதித் திருச்சபை ஆசிரியரான ஜஸ்டின் மார்ட்டியர் ரோமில் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி வேதம் வாசித்து அப்பம் பிட்டதை எழுதி வைத்திருக்கிறார். ஆகவே, ஞாயிறு ஆராதனையைத் தொடங்கியவர் மன்னன் அல்ல.

சரி, இதைச் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஓய்வுநாளைச் சனியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றுங்கள் என்று கட்டளையிடும் வசனம் புதிய ஏற்பாட்டில் கிடையாது. துரோவாவில் வாரத்தின் முதல்நாளில் கூடினார்கள் என்று அப்போஸ்தலர் 20 சொல்கிறது. வெளிப்படுத்தல் 1 ‘கர்த்தருடைய நாள்’ என்கிறது. அவ்வளவுதான் நம் கையில் இருப்பது. இதை மறைக்காமல் சொல்லிவிட்டு மேலே போக வேண்டும்.

சீர்திருத்தச் சபைகளுக்குள்ளேயே ஒரே கருத்து இருந்ததில்லை. 1530இல் லூத்தரன்கள் எழுதிய ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, ஜனங்கள் எப்போது கூட வேண்டும் என்று தெரிவதற்காக வைத்துக்கொண்ட ஒழுங்குதான் ஞாயிறு, அதைக் கட்டாயமாக்குவது தவறு என்கிறது. 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, அந்த நாள் முழுவதும் உலக வேலைகளையும் கேளிக்கைகளையும் விட்டு அதைக் கிறிஸ்தவ ஓய்வுநாளாக ஆசரிக்க வேண்டும் என்கிறது. நம் பாட்டிமார் சனி இரவே தேங்காய் துருவி, துணி தேய்த்து வைத்த பழக்கம், லண்டன் மிஷன் வழியாக இங்கே வந்த அந்த இரண்டாவது மனநிலைதான். இரண்டில் ஒன்றை மட்டும் ‘வேதம் சொல்கிறது’ என்று பேசுவது நியாயமில்லை.

கட்டளைக்கு எண் போடுவது

நமக்கு நான்காம் கட்டளை. கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் அது மூன்றாம் கட்டளை. எல்லாரும் கலந்து உட்காரும் கூட்டத்தில் எண்ணைச் சொல்லாமல் ‘ஓய்வுநாள் கட்டளை’ என்று சொல்லிவிடுங்கள்.

யூதர்களை வில்லனாக்குவது

பரிசேயர் என்றதும் பிள்ளைகள் சிரிக்கும்படி நடித்துக் காட்டுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சுமார் 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத சட்டத் தொகுப்பு, ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகளை 39 வகையாகப் பிரிக்கிறது. அதை வாசித்துவிட்டு, ‘பாருங்கள், எவ்வளவு பாரம்!’ என்பார்கள். உயிரைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் ஓய்வுநாள் விலகி நிற்கும் என்று சொன்னதும் அதே ரபிமார்தான் (யூத வேத ஆசிரியர்கள்). கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கும் மக்கபேயர் முதல் நூலின் 2ஆம் அதிகாரத்தைப் பார்க்கலாம். ஓய்வுநாளில் எதிர்த்துப் போரிட மறுத்து ஆயிரம் பேர்வரை செத்தார்கள். அதன் பிறகுதான், ஓய்வுநாளில் தாக்கினாலும் திருப்பிப் போரிடுவோம் என்று மத்தத்தியாவும் அவரோடு இருந்தவர்களும் தீர்மானித்தார்கள். உயிரைக் கொடுத்துக் காத்த ஒன்றைக் கேலிப் பொருளாக்கக் கூடாது. வெள்ளி மாலை விளக்கேற்றி, ரொட்டியும் திராட்சரசமும் வைத்து, பாட்டோடு அதை வரவேற்கிற குடும்பங்களுக்கு அது வாரத்தின் சந்தோஷமான நாள்.

கட்டளையை வேலைக்காரர் தலையில் கட்டுவது

இதைத்தான் நீட்டி எழுத வேண்டும். எங்கே கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மேற்கே ரப்பர் தோட்டத்தில் ஞாயிறு எப்படி விடிகிறது என்று பாருங்கள். இருட்டோடு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுகிறவர் மரம் மரமாகப் போவார். முந்தின வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டுவிட்டுப் பட்டையில் கத்தியை இழுப்பார். பால் கோடு வழியாக இறங்கிச் சிரட்டையில் சொட்டத் தொடங்கும். அப்படி 300 மரம்வரை போக வேண்டும். அப்புறம் பால் வடிந்து நிற்கிறவரை இருந்து, வாளியில் சேர்த்து, அரித்து, ஆசிட் கலந்து தட்டில் ஊற்றி வைத்தால்தான் வேலை முடியும். இடையில் மழை வந்தால் சிரட்டையில் இருப்பதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. வாரம் முழுக்க மழை பெய்து ஞாயிறு வெளுத்தால் முதலாளி வெட்டச் சொல்வார். இவரும் போவார்.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் அப்படி ஒருவர் இருந்தார். பாடகர் குழுவில் நல்ல பாஸ் குரல். வெட்டு இருக்கிற ஞாயிறுகளில் பிரசங்கம் தொடங்கிய பிறகுதான் வருவார். குளித்து வெள்ளை உடுத்தியிருந்தாலும் விரல் இடுக்கில் பால் கறுத்துக் காய்ந்து ஒட்டியிருக்கும். புதிதாக ஓய்வுநாள் பாடம் எடுத்த வாலிபர்கள், கட்டளையை மீறிக்கொண்டே இருக்கிறவர் பாடகர் குழுவில் நிற்கலாமா என்று கேட்டார்கள். ஞாயிறு வெட்டை நிறுத்தும்வரை குழுவிலிருந்து விலகி இருங்கள் என்று அவரிடம் சொல்லியும்விட்டார்கள். சொன்ன பையனை நான் கேட்டேன்.

“மக்களே, அந்தத் தோட்டம் யாருக்குள்ளது?”

“நம்ம கமிட்டி மெம்பருக்குள்ளது அண்ணே.”

“அவரிடம் பேசினீர்களா?”

பையன் பதில் சொல்லவில்லை. தோட்டக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் முதல் மணி அடிக்குமுன் வந்து முன் பெஞ்சில் இருக்கிறவர். வெட்டுகிறவர் சபைக்கு வருவதை நிறுத்தினார். கொஞ்ச நாள் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், பின்னர் அவரும் நின்றுவிட்டார். பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். எந்தச் சபையிலும் அவர்கள் இல்லை.

கட்டளை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று வாசிக்காததால் வந்த நஷ்டம் இது. உபாகமம் 5:14ஐ எடுத்துப் பாருங்கள். நீயும், உன் மகனும் மகளும், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும், உன் எருதும் கழுதையும், உன் வாசலில் இருக்கும் அந்நியனும் வேலை செய்ய வேண்டாம் என்கிறது. வேலைக்காரனும் எருதும் யாருக்குச் சொந்தமோ அவனிடம் பேசுகிற பேச்சு அது. “நீ இளைப்பாறுவதுபோல” அவர்களும் இளைப்பாற வேண்டும் என்று காரணமும் சொல்கிறது. யாத்திராகமம் 20 படைப்பை நினைவுபடுத்தி ஓய்வைக் கேட்கிறது. உபாகமம் எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவுபடுத்திக் கேட்கிறது. செங்கல் அறுத்தவனுக்கு விடுதலையாகக் கொடுக்கப்பட்ட நாளை, இன்றைக்குக் கூலிக்கு நிற்கிறவனை அடிக்கிற கம்பாக்கிவிட்டோம்.

நெகேமியா 13ஐயும் இதோடு சேர்த்து வாசிக்கலாம். ஓய்வுநாளில் எருசலேமுக்குள் சந்தை நடக்கிறது. நெகேமியா கோபத்தோடு போய் நின்றது யூதாவின் பெரியவர்கள் முன்னால். வியாபாரிகளை எச்சரித்தது அதற்குப் பிறகு. லூக்கா 13இல் இதற்கு நேர் எதிராக ஒருவர் வருகிறார். 18 வருஷம் கூனியாய் இருந்த பெண்ணை இயேசு குணமாக்கியதும், ஜெப ஆலயத் தலைவருக்குக் கோபம். அந்தக் கோபத்தை இயேசுவிடம் காட்டாமல் ஜனங்கள் பக்கம் திரும்பி, மற்ற ஆறு நாளில் வந்து குணமாகுங்கள் என்கிறார். மேலே பேசத் துணியாதவர் கீழே இருப்பவர்களிடம் கட்டளையைப் பேசுகிறார். எங்கள் வாலிபர்கள் செய்ததும் அச்சு அசல் அதுதான். நியாயப்பிரமாணவாதம் என்று எதைச் சொல்கிறோம் என்று யாராவது கேட்டால், கட்டளையைக் கவனமாகக் கைக்கொள்வதை நான் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாமல் போகக் கூடாது. லண்டன் மிஷன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. அந்தக் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாரைக் கூலியில்லாமல் அரசு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதற்கு ஊழியம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவர்களை அந்த வேலைக்குப் பிடிக்கக் கூடாது என்ற விலக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்தது. நம் மூதாதையருக்கு ஞாயிறு முதலில் அப்படித்தான் வந்தது: ஒரு நாளாவது யாரும் கையைப் பிடித்து இழுக்க முடியாத நாளாக. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே நாளைக் காட்டி ஒரு கூலிக்காரரை வெளியே நிறுத்தியதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஒன்று விட்டு ஒரு நாள் வெட்டுகிற முறையில், இரண்டு பகுதியாகத் தோட்டத்தைப் பிரித்து, ஒன்றில் திங்கள், புதன், வெள்ளியும் மற்றதில் செவ்வாய், வியாழன், சனியும் வெட்டினால் ஞாயிறு தானாகவே ஒழியும். மழைக்காலத்துக்கு முன் வெட்டின் மேல் மழைநீர் இறங்காமல் தடுக்கிற ரெயின் கார்டை மரத்தில் ஒட்டினால் மழை வாரத்திலும் பல நாள் வெட்டலாம், ஞாயிறை நம்பி இருக்க வேண்டாம். இரண்டையும் செய்ய வேண்டியவர் தோட்டக்காரர். அவரிடம் போதகரோ மூப்பரோ ஒரு சாயா குடித்துக்கொண்டே பேசலாம். கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்று ஊரே சேர்ந்து வைத்திருக்கிறது. எல்லாரும் வலையை வைத்துவிடுவதால் ஓய்வெடுத்தவருக்கு மட்டும் தனி நஷ்டம் வருவதில்லை. ஓய்வைக் கேட்கிற சபை இந்த வகையில் யோசிக்க வேண்டும். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வைத்திருக்கிறவர், துணிக்கடை வைத்திருக்கிறவர், வீட்டில் பாத்திரம் கழுவ ஆள் வைத்திருக்கிறவர் எல்லாரும் நம் பெஞ்சுகளில்தான் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்து நேரே நாகர்கோவில் கடைக்குப் போகிற நாமும், அங்கே காலையிலிருந்து நிற்கிற பெண்ணுக்கு அந்த மணி நேரத்தில் எஜமான்கள்தான்.

சமையற்கட்டை மறப்பது

ஞாயிறு மதியம் இறச்சிக் கறியும் மரச்சீனியும் வேண்டும் என்றால், காலை ஆராதனையிலேயே ஒருவர் மனம் அடுப்பில் இருக்கும். ஒரு பெண்கள் கூட்டத்தில், மகன், மகள், வேலைக்காரி, கழுதைவரை பட்டியலில் உண்டு, மனைவியைக் காணோமே என்று ஒரு சித்தி கேட்டார். ‘நீ’ என்பதில் கணவன், மனைவி இருவரும் அடக்கம் என்பதுதான் பொதுவான விளக்கம். அதை ஆண்கள் கூட்டத்தில் சொல்லுங்கள்.

நர்ஸ் டியூட்டி

உயிரைக் காக்கிற வேலை அது, விவாதத்துக்கே எடுக்க வேண்டாம்.

பரீட்சை

நீட் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. எழுதலாமா என்று பிள்ளை கேட்டால், அதைப் பிள்ளையும் பெற்றோரும் ஜெபித்து முடிவெடுக்கட்டும். 20 வயது வாலிபர் சங்கச் செயலர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய காரியம் அல்ல.

‘எல்லாம் கிருபைதானே’ என்று தள்ளிவிடுவது

முந்தின தவறுகளைக் கண்டு பயந்தவர்கள் இந்தப் பக்கம் விழுகிறார்கள். மாற்கு 2:27ஐ எடுத்து, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது, ஆகவே என் விருப்பம் என்பார்கள். மனுஷனுக்காக என்றால் அது மனுஷனுக்குத் தேவை என்று அர்த்தம். காலை ஏழு மணிக்கு டியூஷன், அப்புறம் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்), மதியம் திரும்ப டியூஷன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஓட்டுகிற வீட்டில் கிருபையும் இல்லை, ஓய்வும் இல்லை. சபையும் இதில் சேர்த்தி. ஆராதனை, கமிட்டி, வாலிபர் கூட்டம், மாலை ஜெபம் என்று அடுக்கினால் போதகருக்கும் ஆலய வேலைகளைக் கவனிக்கிற கோயில் குட்டியாருக்கும் வாரத்தில் மிகக் கடினமான நாள் ஞாயிறுதான். அவர்களுக்கு வேறொரு நாளைச் சபையே ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமைக்காரர்களை ஒரே வார்த்தையில் முடிப்பது

சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையார் என்றதும் ‘நியாயப்பிரமாணக்காரர்’ என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். இரட்சிப்பு கிருபையினால்தான் என்று அவர்களும் போதிக்கிறார்கள். கட்டளையைக் கைக்கொள்வது அதன் பலன் என்பது அவர்கள் நிலை. அதோடு நான் ஒத்துப்போகாத இடம் உண்டு. கொலோசெயர் 2:16 ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம் என்கிறது. அந்த வசனம் பண்டிகை ஓய்வுநாட்களை மட்டும் சொல்கிறது என்பார்கள் அவர்கள். வாராந்தர ஓய்வுநாளும் அதில் சேரும் என்று நான் வாசிக்கிறேன். ஆனால், அதே வசனம் நான் அவர்களைக் குற்றப்படுத்துவதையும் தடுக்கிறது. ரோமர் 14:5 ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறவரையும், எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறவரையும் ஒரே சபைக்குள் வைத்துப் பேசுகிறது.

நம் மாவட்டத்தில் இது ஏட்டு விவாதம் அல்ல. ஒரே வீட்டில் சி.எஸ்.ஐ. மாமியார், பெந்தெகொஸ்தே மகன், அட்வெண்டிஸ்ட் மருமகள் என்று இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் நிச்சயதார்த்தமோ வீடு பிரதிஷ்டையோ வைத்தால் வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி சூரியன் மறைவதுவரை விட்டுவிடுங்கள். சனி இரவு ஏழரை மணிக்கு வைத்தால் எல்லாரும் வருவார்கள்.