பழைய மரப்படகு வாங்குமுன் சர்வே செய்வது எப்படி

இராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் பழைய மரப்படகு விலைக்கு வந்தால், மிதக்கிற நிலையில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். கரையேற்றித்தான் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுது பார்க்கக் கரையேறும். சர்வேக்கு அதுதான் வாகான சமயம்.

மரப்படகு கட்டிப் பழகிய ஆசாரி ஒருவரும் டீசல் மெக்கானிக் ஒருவரும் வேண்டும். இன்சூரன்ஸோ வங்கிக் கடனோ எடுப்பதாக இருந்தால் உரிமம் பெற்ற சர்வேயரின் எழுத்து அறிக்கையும் தேவைப்படும். யாருடைய அறிக்கையை ஏற்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் கூட்டிவரும் ஆள் வேண்டாம். பெயிண்டைச் சுரண்டவும் நான்கைந்து ஆணி பிடுங்கவும் விற்பவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். மறுத்தால் அந்தப் படகை விட்டுவிடுவதே நல்லது.

முதலில் ஏராவுக்கு, அதாவது படகின் முதுகெலும்பாக அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைக்கு, அடியில் முனைக்கு முனை நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் இரு முனையும் தொங்கிவிட்டன என்று அர்த்தம். பழைய படகில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதோடு பலகை இணைப்பும் பிளந்திருந்தால் வங்குகள் (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலாக் கட்டைகள்) தளர்ந்திருக்கும்.

பிறகு சிறு சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும். உளுத்தது 'தொப்'பென்று அடங்கும். சந்தேகமான இடத்தில் குத்தூசியை இறக்கிப் பாருங்கள். கப்பல் புழு உள்ளே போன துளை வெளியே குண்டூசித் தலை அளவுதான் தெரியும். உள்ளேயோ விரல் பருமனுக்குச் சுரங்கம் ஓடியிருக்கும். அடியில் ஒட்டி வளரும் கொட்டலசுச் சிப்பியைச் சுரண்டாமல் அந்தத் துளை கண்ணில் படாது. ஏராவை ஒட்டிய பலகையையும் சுக்கான் பக்கத்தையும் விடாமல் பாருங்கள். மேல்தளத்தின் அடியில் வருகிற கேடு வேறு. அங்கே மரத்தை உளுக்க வைப்பது மழைநீர். ஐப்பசி, கார்த்திகையில் மூடாமல் கிடந்த படகில் தளத்து ஓரங்களும் வங்குத் தலைகளும்தான் முதலில் போகும்.

மரத்தின்மேல் பைபர் போர்த்திய படகில் இரட்டிப்புக் கவனம் தேவை. ஒரு வெடிப்பு வழியாக இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று மரத்தைத் தின்னும். வெளியே வழவழவென்றே இருக்கும். தட்டும்போது பொள்ளலாகக் கேட்கிற இடத்தில் உள்பக்கமிருந்து குத்திப் பாருங்கள்.

ஆணியை நீர்மட்டத்துக்குக் கீழே, முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, இன்ஜின் அருகே ஒன்று என்று பிடுங்குங்கள். தலையும் நுனியும் கனமாக, பலகையும் வங்கும் சேருமிடத்தில் மட்டும் பென்சில் முனைபோல் மெலிந்து வருகிறதா? அப்படியானால் வெளியே எதுவும் தெரியாமலே பலகை கழலக் காத்திருக்கிறது. அதில் ஏறிப் போகிறவர்களின் உயிர் அந்த ஆணியில்தான் இருக்கிறது. மூன்றில் இரண்டு மெலிந்திருந்தால் அடிப்பாகம் முழுக்க மறுஆணி அடிக்கும் செலவைக் கணக்கில் வையுங்கள். பலகை இடுக்குகளில் நீர் புகாமல் அடைத்திருக்கும் கலப்பத்துப் பஞ்சு விரலால் இழுத்தாலே வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அங்குல ப்ரொப்பெல்லர் தண்டைக் கையால் ஆட்டினால் 3 மில்லிமீட்டருக்குமேல் அசையக் கூடாது. வெண்கல ப்ரொப்பெல்லர் இளஞ்சிவப்பாக மாறி, தட்டினால் மந்தமாக ஒலித்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துவிட்டது.

இன்ஜினை நீங்கள் வருமுன் ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொட்டால் குளிர்ந்திருக்கும் நிலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூடான பிறகும் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. தண்ணீரில் இறக்கியதும் அடித்தளத்து நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, ஒரு மணி நேரம் சுமையோடு ஓட்டித் திரும்ப அளந்து பாருங்கள். மரம் ஊறும்வரை கொஞ்சம் கசியும். இரண்டு மூன்று நாள் கழித்தும் அதே வேகத்தில் ஏறினால் கசிவு இணைப்பிலா, தண்டுப் பக்கத்திலா என்று தேடுங்கள்.

மீன்வளத் துறைப் பதிவுச் சான்றில் உள்ள இன்ஜின் எண் இன்ஜினில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கடன் பாக்கி இல்லை என்று கடன் கொடுத்தவரிடமிருந்தே கடிதம் வாங்குங்கள். முன்பண ஒப்பந்தத்தில், சர்வேயில் குறை கண்டால் பணம் திரும்பும் என்ற வரியைக் கையெழுத்துக்கு முன்பே எழுத வையுங்கள்.