முதல் கமிட்டுக்கு முன்னால் பத்து நிமிடம்

பரந்தனில் அரிசிக்கடை வைத்திருக்கும் அண்ணா ஒருவருக்கு வெப்சைட் செய்யத் தொடங்கிய அன்றே டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கோடுக்குள் எழுதி, கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்திலும் ஏற்றிவிட்டேன், அதுவும் எல்லாரும் பார்க்கிற ரெப்போவில் (புரொஜெக்ட் களஞ்சியத்தில்). அந்த வரியை அழித்து இன்னொரு கமிட் (மாற்றங்களைச் சேமிக்கும் பதிவு) போட்டால் சரி என்று பார்த்தால், பழைய கமிட்டுக்குள் பாஸ்வேர்ட் அப்படியே இருந்து சிரிக்கிறது. கடைசியில் பாஸ்வேர்டையே மாற்றினேன், அதைவிட வேறு வழியில்லை.

இப்போதெல்லாம், கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளைத் தொடங்க கிட் இனிட் கொடுத்த கையோடு, எதைப் பதிவுசெய்யக் கூடாது என்று சொல்லும் கிட்இக்னோர் பைலைத்தான் முதலில் எழுதுகிறேன். வரம்பு கட்டாத வயலுக்கு யார் வாய்க்காலைத் திறப்பார்கள்? நோட் மொடியூல்ஸ் (இறக்கிய பக்கேஜ்கள்), டிஸ்ட் (வெளியிடத் தயாரான பைல்கள்), டொட் என்வ் (ரகசியங்கள்) என்று மூன்று வரி போதும். ஒருமுறை கமிட் ஆன பைலைப் பிறகு இதில் சேர்த்தாலும் கிட் அதைத் தொடர்ந்து பதிவுசெய்துகொண்டே இருக்கும். கிட் ஆர்எம் கட்டளையைக் கேஷ்ட் ஒப்ஷனோடு கொடுத்து அதைக் கழற்ற வேண்டும்.

பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (வெளிச் சேவைகளைப் பாவிக்கத் தரும் ரகசியத் திறவுகோல்) எல்லாம் டொட் என்வ் பைலுக்குள். பக்கத்திலேயே என்வ் எக்ஸாம்பிள் என்று இன்னொன்று வைத்து, அதில் பெயர்களை மட்டும் எழுதி மதிப்பை வெறுமையாக விட்டுக் கமிட் பண்ணுங்கள். கோடை வெளியிடத் தயாராக்கும் (பில்ட் பண்ணும்) வீட் கருவியைப் பாவிப்பவர்கள் கவனம்: வீட் என்று தொடங்கும் பெயரில் வைக்கிற எதுவும் பில்ட் ஆகும்போது பிரவுசருக்குப் போகும் கோடில் கலந்துவிடும், அங்கே ரகசியம் வைக்கவே கூடாது.

புரொஜெக்டைப் பென் டிரைவில் முல்லைத்தீவு நண்பனுக்குக் கொடுக்கும்போது நோட் மொடியூல்ஸை அழித்துவிட்டுக் கொடுங்கள். ஆயிரக்கணக்கான குட்டி பைல்கள், கொப்பி ஆகி முடிவதற்குள் கரண்ட் போய்விடும். பக்கேஜ்களின் வேர்ஷன்களைக் குறித்து வைக்கும் பக்கேஜ் லொக் பைல் இருந்தால் அவன் என்பிஎம் சிஐ கட்டளை கொடுத்து அதே வேர்ஷன்களை இறக்கிக்கொள்வான். டேட்டா குறைவென்றால் ப்ரிஃபர் ஒஃப்லைன் ஒப்ஷனையும் சேர்க்கட்டும், முன்பு இறக்கியவை கேஷிலிருந்தே (கணினியில் சேமித்த பிரதியிலிருந்தே) வரும்.

நாம் எழுதுவது எஸ்ஆர்சி போல்டரில், மாற்றமில்லாமல் அப்படியே போகவேண்டியது பப்ளிக்கில். அதற்குமேல் போல்டர்களைத் தேவை வரும்போது பிரியுங்கள், முதல் நாளே பதினைந்து வெறும் போல்டர் எதற்கு?

பைல் பெயர்தான் பெரிய கரைச்சல். லப்டொப்பில் சம்பா மூட்டைப் படம் அழகாகத் தெரிந்தது, சேர்வரில் வெறும் கட்டம். படத்தின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, கோடில் நான் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன்; விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. பெயரைத் திருத்தினாலும் விண்டோஸில் கிட் சிலவேளை கவனிக்காது, கிட் எம்வி கட்டளை கொண்டு மாற்றுங்கள். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளிக்குப் பதில் சின்னக் கோடு என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தால் இந்தத் தொல்லையே வராது.

அப்புறம் தமிழ். அண்ணா தந்த விலைப்பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது, ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். எடிட்டர் அமைப்புகளைச் சொல்லும் எடிட்டர்கொன்ஃபிக் பைலில் எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப் 8 என்று வையுங்கள், எச்டிஎம்எல்லின் ஹெட்டுக்குள் அதே குறியாக்கத்தைச் சொல்லும் மெட்டா சார்செட் வரி முதலாவதாக இருக்கட்டும்.

நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்து, காட்டும்போது மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். விடிய 4 மணிக்கு வந்த ஓடர் முதல் நாள் இரவு 10.30 என்று காட்ட, “தம்பி, இது நேற்றையதா?” என்று அண்ணா போன் எடுத்த பிறகுதான் நான் அதைச் செய்தேன்.