பாபின் லேஸ் தானாகக் கற்க எந்தப் புத்தகம்?

பாபின் லேஸ் என்பது, பாபின் எனும் சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களைத் தலையணையில் ஊசி குத்தி நிறுத்தி, ஒன்றோடொன்று பின்னிச் செய்யும் வலை வேலைப்பாடு. அதற்கான புத்தகத்தை அட்டைப் படத்தில் மயங்கி வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் வரைபடங்களைப் பாருங்கள். சொல்லித்தர ஆளில்லாதபோது கையை நடத்தப்போவது அவைதான்.

முதல் புத்தகம் டார்ஷான் என்ற எளிய வகை லேஸுக்கானதாக இருக்கட்டும். அதன் வலை 45 பாகைக் கட்டத்தில் ஓடுவதால் பிசகினால் உடனே தெரியும். ஹானிட்டன் என்ற வகை அழகுதான், ஆனால் மிக மெல்லிய நூலில் துண்டு துண்டாகப் பின்னி இணைக்க வேண்டியது. அது பிறகு.

முதல் பாடத்தைப் புரட்டுங்கள். 6 முதல் 8 ஜோடி பாபினில் ஒரு பட்டை என்றால் சரி. எடுத்த எடுப்பிலேயே 25 ஜோடி கேட்டால் கீழே வைத்துவிடலாம். மொத்த வேலையும் இரண்டே அசைவுகள்: நான்கு பாபின்களில் இரண்டாவதை மூன்றாவதன் மேல் போடுவது குறுக்கு, இரண்டாவதை முதலாவதன் மேலும், நான்காவதை மூன்றாவதன் மேலும் போடுவது முறுக்கு. குறுக்கு-முறுக்கு-குறுக்கு என்றால் துணித் தையல். குறுக்கு-முறுக்கோடு நிறுத்தினால் அரைத் தையல். தையல் பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதால், ஒவ்வொன்றையும் அசைவுகளாகப் பிரித்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்ஜிய முறை வண்ண வரைபடம் இருந்தால் டச்சு மொழிப் புத்தகம்கூடப் பயன்படும். ஊதாக் கோடு துணித் தையல், பச்சை அரைத் தையல், சிவப்பு என்றால் குறுக்கு-முறுக்கு இரண்டு தடவை. அங்கே ஒரு கோடு என்பது ஒரு ஜோடி. அதை ஒற்றை நூலாக எண்ணினால் பாபின் பாதிதான் தேறும், பின்னல் முதல் ஊசியிலேயே நின்றுவிடும்.

நேர் விளிம்பை இங்கிலாந்துப் புத்தகங்கள் வலப்பக்கமும் ஐரோப்பியப் புத்தகங்கள் பெரும்பாலும் இடப்பக்கமும் வைக்கும். தொடக்கத்தில் இரண்டையும் கலந்து படித்தால் குழப்பம்தான்.

துளைத்தாள், அதாவது ஊசி குத்தும் இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் மாதிரித் தாள், முழு அளவில் அச்சாகியிருக்க வேண்டும். பின்னும் நூலின் பெயரும் எண்ணும் வேண்டும். அந்த நூல் கிடைக்காவிட்டால் இருப்பதை ஸ்கேலில் நெருக்கமாகச் சுற்றிப் பாருங்கள். டார்ஷானுக்கு, நேர் விளிம்பில் அடுத்தடுத்த இரண்டு ஊசிகளின் இடைவெளியில் ஏறக்குறைய 12 சுற்று அடங்க வேண்டும். 2 மி.மீ. கட்டத்தில் அந்த இடைவெளி 4 மி.மீ., அதாவது சென்டிமீட்டருக்குச் சுமார் 30 சுற்று. நூல் தடித்தால் துணித் தையல் பகுதி உப்பும், மெலிந்தால் சல்லடையாகிவிடும். பி.டி.எஃப். என்றால் 100 சதவீதத்தில் அச்சிடுங்கள். தாளுக்கேற்பச் சுருக்கும் வசதி இந்தக் கணக்கையே கெடுத்துவிடும்.

பிழை திருத்தும் பகுதி இல்லாத புத்தகம் தனியாகக் கற்பவருக்கு ஆகாது. விட்டுப்போன முறுக்கு எப்படித் தெரியும், பின்னோக்கிப் பிரிப்பது எப்படி, ஊசியைச் சீக்கிரம் எடுத்தால் விளிம்பு ஏன் உள்ளே இழுபடுகிறது என்பதெல்லாம் படத்தோடு இருக்க வேண்டும்.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் பழைய லேஸ் புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் 1557-இல் வெனிஸில் வந்த ‘லெ பொம்பே’ போன்றவற்றில் வடிவங்கள்தான் உண்டு, செய்முறை இல்லை. கை பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துப் பாருங்கள். தானாக மூடிக்கொண்டால் சுருள்கம்பி பைண்டிங் போட்டுவிடுங்கள். பின்னும்போது இரண்டு கையிலும் பாபின் இருக்கும்.