.308 தோட்டா மறுநிரப்பல்: டைக்குள் கேஸ் சிக்கிக்கொள்ளாமல் இருக்க

இரண்டு வருடம் கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்பிய தெம்பில் ரைஃபிள் பக்கம் போனேன். முதல் நாள், மூன்றாவது கேஸ் (சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடு). அதைப் பழைய அளவுக்கு இறுக்கும் எஃகு அச்சான டைக்குள் போனது போனதுதான். கேஸை டைக்குள் தள்ளும் பிரஸ்ஸின் கைப்பிடியை முழு பலத்தோடு இழுத்ததில் அடி விளிம்பு கிழிந்து கையோடு வந்தது, மீதி உள்ளேயே நின்றுவிட்டது. அதனால் இந்தப் பதிவில் பாதி எண்ணெய் பூசுவதைப் பற்றித்தான் இருக்கும்.

நான் இருப்பது டெக்சாஸில். இங்கே சொந்த உபயோகத்துக்கு நிரப்ப உரிமம் வேண்டாம், விற்பதற்கு வேண்டும். ஊரிலிருந்து படிப்பவர்கள் முயற்சி செய்யாதீர்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

பிரஸ் வாங்கும்போது ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜே போதும். வேகமாகச் சுழலும் பெரிய பிரஸ் முதல் வருடத்துக்கு வேண்டாம். தராசிலும் எனக்குப் பழைய நிறைகோல் வகைதான் பிடிக்கும். பேட்டரி தீர்ந்தாலும் அது பொய் சொல்லாது.

முதலில் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரே துளை என்றால் பாக்ஸர் வகை, நமக்கானது. இரண்டு சின்னத் துளைகள் தெரிந்தால் பெர்டன், ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் சுட்ட பிரைமரை (அடியில் தீப்பொறி தரும் சின்னக் குப்பி) வெளியே தள்ளும் டையின் ஊசி உடையும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிற கேஸும் குப்பைக்குத்தான். அடுத்த சூட்டில் அந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரியும்.

இப்போது என்னைக் கவிழ்த்த இடம். கைத்துப்பாக்கியின் நேர் கேஸ், கார்பைடு டையில் எண்ணெயே இல்லாமல் போய்வரும். பாட்டில் கழுத்துக் கேஸ் அப்படியில்லை. சுடும்போது சேம்பர் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) அளவுக்கு வீங்கிய உடம்பை டை இறுக்க வேண்டும், தோளை (உடம்பு கழுத்தாக ஒடுங்கும் சரிவை) பின்னுக்குத் தள்ள வேண்டும், கழுத்தைச் சுருக்க வேண்டும். இவ்வளவும் ஒரே இழுப்பில். எஃகுக்கும் பித்தளைக்கும் நடுவே வழுக்கல் இல்லையென்றால் பித்தளை கவ்விக்கொள்ளும்.

நான் ஸ்பிரே அடித்தேன், உடனே டைக்குள் விட்டேன். அங்கேதான் தப்பு. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போன பிறகுதான் வழுக்கும் படலம் மிஞ்சும். சில நிமிடம் காயவிடவேண்டும். இப்போது ஸ்பிரேயையே விட்டுவிட்டேன். டைக்கென்றே விற்கும் மெழுகை விரல் நுனியில் லேசாகத் தொட்டு, கேஸின் உடம்பில், முக்கியமாக அடிப்பக்கத்தில், உருட்டித் தடவுகிறேன். தோளில் தடவுவதில்லை. கழுத்தின் உள்ளேயும் பிரஷ்ஷால் துளி பூசுங்கள். கைப்பிடியைத் தூக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அங்கே போதவில்லை என்று அர்த்தம். பாதி வழியில் கை கனத்தால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி பூசுங்கள்.

சிக்கியே விட்டதா? டையின் நடு ஊசித் தண்டை முடிந்தவரை மேலே திருகி ஏற்றுங்கள். நான் அதை மறந்து துளை போட்டு, ஊசியையும் சேர்த்துக் கெடுத்தேன். பிறகு கேஸின் அடியில் துளையிட்டு, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுங்கள். இதற்கென்றே தனி கிட் கிடைக்கிறது.

சுருக்கிய பிறகு எண்ணெயைத் துடைத்து நீளத்தை அளந்து பாருங்கள். .308 வின்செஸ்டருக்கு உச்சவரம்பு 2.015 அங்குலம், தாண்டினால் 2.005க்கு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பின் பிசிறை உள்ளும் புறமும் நீக்குங்கள்.

பிரைமர், வெடிமருந்து, குண்டு பொருத்துவது எல்லாம் கைத்துப்பாக்கிக்குச் செய்த அதே வேலைதான், கண்ணாடி கட்டாயம். மருந்தின் அளவை நான் எழுதப்போவதில்லை, யார் எழுதினாலும் நம்பாதீர்கள். அச்சிட்ட கையேட்டில் உங்கள் குண்டுக்கும் மருந்துக்கும் சொன்ன தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். மேசைமேல் ஒரு டப்பாவுக்கு மேல் மருந்து இருக்கக்கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது.

பின்சேர்க்கை: தோளில் சின்னச் சின்னப் பள்ளம் விழுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அது எண்ணெய் அதிகமானதால். பயந்துபோய் அப்பிவிட்டீர்கள் போல!

இன்னொருவர், முதலில் வெட்டிவிட்டுப் பிறகு டையில் விட்டாராம். டையில் கேஸ் நீளும், அதனால் வெட்டு எப்போதும் பிறகுதான். அவருக்கு ரைஃபிளின் போல்ட்டும் (சேம்பரை அடைக்கும் தாழ்) மூடவில்லை. தோள் போதுமான அளவு பின்னுக்குப் போகவில்லை. டையை எட்டில் ஒரு பங்கு சுற்று இறக்கி, தோள் வரை அளக்கும் கேஜ் வைத்துப் பாருங்கள். சுட்ட கேஸைவிட 0.002 அங்குலம் குறைந்தால் போல்ட் ரைஃபிளுக்குப் போதும். அதற்கு மேல் தள்ளினால் நான் முதலில் சொன்ன அந்தப் பளபள வளையம் சீக்கிரம் வந்துவிடும்.